‘மீட்டிங் என்று சொல்லுங்கள்’ என்று இனி எங்களிடம் சொல்லாதீர்கள்

வேலைக்காக ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், மனிதவளத் துறையினருக்கும், பயணக் கோரிக்கையில் ஒப்புதல் கையெழுத்திடும் ஒவ்வொரு மேலாளருக்கும்,

வணக்கம்.

நான் பொட்டலமிடும் இயந்திரங்களை நிறுவிக் கொடுத்து, பழுது வந்தால் சரிசெய்யும் பொறியாளர். 18 ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. இயந்திரம் எந்த நாட்டுக்குக் கப்பலேறுகிறதோ, சில வாரங்கள் கழித்து நானும் அந்த நாட்டுக்கு விமானம் ஏறுவேன். இத்தனை ஆண்டுகளில், கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை என்னிடம் அதிகம் சொல்லப்பட்ட வாக்கியம் ஒன்று உண்டு: “இமிக்ரேஷனில் கேட்டால் மீட்டிங் என்று சொல்லிவிடுங்கள்.”

இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அதைச் சொன்னவர்கள் யாரும் எனக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. வாடிக்கையாளரின் ஆலை நின்றுபோயிருக்கும், விற்பனைப் பிரிவு பதறிக்கொண்டிருக்கும், விசாவுக்கு விண்ணப்பிக்க நேரமிருக்காது. அந்த அவசரத்தில் வாய் தவறி வரும் யோசனை அது. ஆனால் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு கவுண்டரில் தனியாக நிற்பவர்கள் நாங்கள். எனக்கு ஒருமுறை அது என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

11 மணி நேரப் பறப்புக்குப் பிறகு நள்ளிரவில் இறங்கினேன். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். மீட்டிங் என்றேன். எத்தனை நாள் என்றார். 19 நாள் என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு மல்டிமீட்டர், இடைவெளி அளக்கும் தகடுகள் ஒரு கட்டு, முதுகில் நிறுவனப் பெயர் தைத்த இரண்டு வேலையுடைகள், இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி. கைப்பேசியைக் கேட்டார், கொடுத்தேன். வாடிக்கையாளரின் பராமரிப்பு மேலாளர் அனுப்பிய செய்தி மேலேயே இருந்தது: “மோட்டார் வந்துவிட்டது. திங்கள் காலை 6 மணிக்குக் கழற்றத் தொடங்கலாம்.” என் கையிலிருந்த அழைப்புக் கடிதத்திலோ ‘வணிகக் கலந்துரையாடல்’ என்றிருந்தது.

அவர் அந்தக் கடிதத்தை மேசையின் நடுவில் வைத்தார். அதன் இடப்பக்கம் என் கைப்பேசி. வலப்பக்கம் காலணி. கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. “இந்தக் கடிதத்தை எழுதியவரைக் கூப்பிடுங்கள்” என்று மட்டும் சொன்னார். மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் முழுதாக அடித்து ஓய்ந்தது. எங்கள் அலுவலகம் இருக்கும் நாட்டில் அப்போது விடிவதற்கு வெகு நேரம் இருந்தது. 5 மணி நேரம் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் பதித்த நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குழாய், யாருக்கும் புரியாத மொழியில் அழுதுகொண்டிருந்த ஓர் இளைஞர். காலையில் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வேறொருவரை அனுப்பி வேலை முடிந்தது. நிறுவனத்தைப் பொறுத்தவரை ஒரு டிக்கெட் வீணானது, அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை அது முடியவே இல்லை. அதற்குப் பிறகு நான் நிரப்பிய ஏறக்குறைய எல்லா விசா விண்ணப்பங்களிலும் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த நாட்டிலாவது உங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதுண்டா? ஆம் என்று குறித்து, கீழே உள்ள கட்டத்துக்குள் விளக்கம் எழுதுகிறேன். என் மனைவியோடும் பிள்ளைகளோடும் உறவினரைப் பார்க்கப் போக விண்ணப்பித்தபோதும் எழுதினேன். அவர்கள் மூவருக்கும் விசா வந்துவிட்டது, எனக்கு மட்டும் கூடுதல் விசாரணை என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கடிதம் எழுதிய நிறுவனத்தின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. என் கைரேகை ஏறியிருக்கிறது.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் வேறு. அந்தப் பொய் தேவைப்பட்டிருக்கவே இல்லை. பின்னாளில் நானே உட்கார்ந்து விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, என்னைப் போன்றவர்களுக்கென்று பல நாடுகள் வாசலைத் திறந்தே வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் பி-1 வணிக விசாவில், வெளிநாட்டில் வாங்கிய இயந்திரத்தை நிறுவவும் பழுது பார்க்கவும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் நிபுணர் வரலாம். விற்பனை ஒப்பந்தத்தில் அந்தச் சேவை குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், ஊதியம் அமெரிக்காவிலிருந்து வரக்கூடாது. கட்டுமான வேலையில் கை வைக்கக் கூடாது, மேற்பார்வையும் பயிற்சியும் மட்டும் செய்யலாம். பிரிட்டனில் வருகையாளர் விதிகள், வாங்கிய அல்லது வாடகைக்கு எடுத்த இயந்திரத்தை அதைக் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியர் வந்து நிறுவ, பிரிக்க, பழுது பார்க்க இடம் தருகின்றன. ஜெர்மனியில் இப்படி நிறுவிக் கொடுக்க வருபவருக்கு 12 மாதங்களில் 90 நாட்கள் வரை வேலை அனுமதி தேவையில்லை. ஆனால் வேலை தொடங்குமுன் அங்குள்ள கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமைக்கு அறிவித்திருக்க வேண்டும்.

பாருங்கள், மூன்று இடத்திலும் கேட்பது ஒன்றைத்தான்: என்ன வேலை, எந்த ஒப்பந்தத்தின்படி, யார் சம்பளத்தில் என்று உண்மையாக எழுதிய ஒரு காகிதம். ‘இவர் எங்கள் இயந்திரத்தை நிறுவ வருகிறார், ஒப்பந்தத்தின் இன்ன பிரிவு இதைச் சொல்கிறது, சம்பளம் நாங்கள் கொடுக்கிறோம்’ என்று நாலு வரி. அந்தக் காகிதத்தோடு நுழைய வேண்டிய இடத்தில், மீட்டிங் என்ற சொல்லோடு என்னை அனுப்பினார்கள்.

என் கதை சிறியது. 2025 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஹூண்டாயும் எல்ஜி எனர்ஜி சொல்யூஷனும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் குடிவரவு அதிகாரிகள் நுழைந்தார்கள். சுமார் 475 பேர் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் தென் கொரியர்கள். பலர் துணை ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். பலர் குறுகிய கால வணிக விசாவிலோ, விசா விலக்குத் திட்டத்திலோ வந்தவர்கள். தொழிலாளர்களின் கைகளிலும் இடுப்பிலும் சங்கிலி பூட்டிய காட்சியை உலகமே பார்த்தது. தென் கொரியர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு வாரம் தடுப்பு மையத்தில் இருந்துவிட்டு, தனி விமானத்தில் செப்டம்பர் 12 அன்று ஊர் திரும்பினார்கள். அதன்பின் இரு நாட்டு அதிகாரிகளும் பேசி, முதலீட்டோடு வரும் இயந்திரங்களை நிறுவவும் பழுது பார்க்கவும் அந்த விசாவையும் விலக்குத் திட்டத்தையும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கத் தரப்பு உறுதிசெய்தது. அந்தத் தெளிவை ஆலைக்கு ஆள் அனுப்புவதற்கு முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டியது யார்? ஸ்பேனர் பிடித்தவரா, அனுப்பியவரா?

இன்னொன்று பழையது, ஆனால் இந்த மடலின் தலைப்புக்கு நேரே வந்து நிற்கிறது. 2013-ல் இன்ஃபோசிஸ் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 3 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. வேலைக்கு வந்தவர்களின் அழைப்புக் கடிதங்களில் கூட்டம், கலந்துரையாடல் என்று எழுதியதாகவும், வேலை என்று தோன்றும் சொற்களைச் சொல்ல வேண்டாமென்று ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தியதாகவும் அரசுத் தரப்பு குற்றஞ்சாட்டியது. விசா மோசடி நடக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எந்தச் சொல்லை ஒரு மேலாளர் வழியனுப்பும் அறிவுரையாக நினைக்கிறாரோ, அதே சொல் அரசு வழக்கறிஞர் கையில் ஆவணமாகிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இது. டிக்கெட் போடுமுன் எங்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே உன் கைகள் என்ன செய்யப்போகின்றன? மேசையில் உட்கார்ந்து பேசப்போகிறதா, கணினியில் எதையாவது மாற்றப்போகிறதா, இயந்திரத்தைத் தொடப்போகிறதா, வாடிக்கையாளரின் ஆட்களோடு ஒரே வரிசையில் நின்று உற்பத்தியே செய்யப்போகிறதா? பயணக் கோரிக்கைப் படிவத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘வணிகம்’ என்று நிரப்பினால் இதில் எதுவும் தெரியாது. விசா எது, அனுமதி எது, எங்கே முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு பதிலிலிருந்துதான் பிறக்கிறது. எங்களைக் கேட்காமல் அந்தப் பதில் உங்களுக்குக் கிடைக்காது.

அவசரம் என்பீர்கள். ஆலை நின்றால் வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு மணி நேரமும் நட்டம், நாளையே போக வேண்டும் என்பீர்கள். நியாயமான கவலை. நின்றுபோன கன்வேயரின் முன்னால் அந்த மேலாளரின் முகத்தைப் பார்ப்பவன் நான்தான், எனக்கு அது தெரியும். ஆனால் பழுது என்றாவது வரும் என்பது இயந்திரத்தை விற்ற அன்றே உங்களுக்கும் தெரியும். நிறுவுதல், பழுது பார்த்தல், எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் என்பவற்றை விற்பனை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதுங்கள். பல நாடுகளின் விதி அந்த வரியைத்தான் தேடுகிறது. எந்தெந்த நாட்டில் உங்கள் இயந்திரங்கள் ஓடுகின்றனவோ, அந்த நாடுகளுக்கு இரண்டு பேரையாவது விசாவோடு தயாராக வைத்திருங்கள். உதிரிப் பாகத்தைக் கிடங்கில் வாங்கி வைக்கிறீர்கள் அல்லவா? ஆளுக்குரிய காகிதத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கருவிப்பெட்டிக்கும் இதே கவனம் வேண்டும். ஏ.டி.ஏ. கார்னே என்றொரு சுங்க ஆவணம் இருக்கிறது. அதை ஏற்கும் நாடுகளுக்குள் கருவிகளையும் மாதிரிகளையும் வரி கட்டாமல் கொண்டுபோய், அதன் ஓராண்டுக் காலத்துக்குள் திரும்பக் கொண்டுவரலாம். அது இல்லாமல் எங்கள் சொந்த உடைமைபோலக் கருவிகளைக் கொண்டுபோகச் சொல்லாதீர்கள். சுங்க அதிகாரி நிறுத்தினால், அங்கேயும் பதில் சொல்ல நாங்கள்தான் நிற்கிறோம்.

அடுத்து நாள் கணக்கு. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். இப்போது 29 நாடுகள் அந்தப் பகுதியில் இருக்கின்றன. ஜெர்மனிக்கு ஒரு கணக்கு, இத்தாலிக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக ஓடாது. நிறுவனங்கள் இங்கே தவறுவது கூட்டல் தெரியாமல் அல்ல. தாங்கள் அனுப்பிய பயணங்களை மட்டும் எண்ணுகிறார்கள். அந்த ஊழியர் விடுமுறையில் குடும்பத்தோடு போன 12 நாளும், வேறொரு பிரிவு அவரை இரவல் வாங்கி அனுப்பிய 9 நாளும் அவர்கள் ஏட்டில் இருப்பதில்லை. எல்லையில் இருக்கும் ஏட்டில் இருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படம், கைரேகையோடு கணினியில் பதிவாகிறது. மங்கிய முத்திரையை விரல் விட்டு எண்ணிய காலம் போய்விட்டது. ஒரு நாள் கூடினாலும் திரையில் தெரியும்.

அதோடு, 90 நாள் தங்கலாம் என்பது வேலை செய்யலாம் என்று ஆகாது. தங்குவதற்கான விதி பொதுவானது, வேலைக்கான விதி ஒவ்வொரு நாட்டுக்கும் தனி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளும் மனிதவள அலுவலர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

வரி விஷயத்தில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உலவுகிறது. “183 நாளுக்குள் திரும்பிவிட்டால் அங்கே வரி இல்லை” என்று எங்களுக்குச் சொல்லப்படுகிறது. இரு நாடுகள் தங்களுக்குள் வரி ஒப்பந்தம் போடும்போது முன்மாதிரியாகக் கொள்ளும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் மாதிரி வரி ஒப்பந்தத்தில் 15-வது பிரிவு அதைச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அது மூன்று நிபந்தனைகளில் ஒன்று. சம்பளம் கொடுப்பவர் அந்த நாட்டில் வசிக்காத முதலாளியாக இருக்க வேண்டும். அந்த முதலாளிக்கு அங்கே இருக்கும் கிளை போன்ற நிலையான தொழிலிடம் அந்தச் சம்பளத்தைச் சுமக்கவும் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. என்னை நீங்கள் உங்கள் வெளிநாட்டுக் கிளைக்கு மூன்று வாரம் அனுப்பி, என் சம்பளச் செலவை அந்தக் கிளையின் கணக்கில் எழுதினால், 183 என்ற எண் என்னைக் காப்பாற்றாது. ஒப்பந்தமே இல்லாத இரு நாடுகளுக்கு நடுவே இந்த ஒப்பந்த விலக்கே கிடையாது. அமெரிக்காவின் உள்நாட்டு வரிச் சட்டத்தில் வெளிநாட்டு நிறுவன ஊழியருக்குக் கிடைக்கும் விலக்கு 90 நாளுக்கும் 3,000 டாலர் ஊதியத்துக்கும் உட்பட்டது. 3,000 டாலர் என்பது ஒரு பொறியாளருக்கு எத்தனை நாள் சம்பளம் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்வீடன் 2021 ஜனவரி 1 முதல் இன்னொரு கேள்வியும் கேட்கிறது: சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதை விட, உண்மையில் யாருக்காக, யார் சொல்படி இவர் வேலை செய்கிறார்? அங்குள்ள நிறுவனத்துக்காக என்றால் 183 நாள் பாதுகாப்பு போய்விடும். தொடர்ந்து 15 வேலை நாளுக்குள், ஆண்டுக்கு மொத்தம் 45 வேலை நாளுக்குள் முடியும் பயணங்களுக்கு மட்டும் தளர்வு உண்டு. இப்படி மாறிக்கொண்டிருக்கும் விதிகளை ஒரு ஸ்பேனர்க்காரர் தொடர்ந்து படிக்க முடியாது. படிப்பது உங்கள் கடமை. அங்கே வரி விழுந்தால் அதை யார் கட்டுவது, படிவத்தை யார் நிரப்புவது என்பதைப் பயணத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். வேலை முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, தெரியாத மொழியில் ஒரு நோட்டீஸ் வீட்டுக்கு வந்து நிற்பது எப்படியிருக்கும் என்று என் சக ஊழியர் ஒருவருக்குத் தெரியும்.

ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்கான சந்தாவைச் சொந்த நாட்டிலேயே கட்டுகிறோம் என்று காட்டும் சமூகப் பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேலைக்கு அனுப்பினால் ஏ1 என்ற சான்றிதழ் வேண்டும், அதற்குக் குறைந்தபட்ச நாள் வரம்பு கிடையாது. மற்ற நாடுகளுக்கு இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி ஒரு சான்றிதழ். வாங்கிக் கொடுங்கள். அது எங்கள் பையில் இருக்கட்டும்.

பயணப்படியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒன்றியத்துக்குள் அனுப்பப்படும் தொழிலாளர்களுக்கான 1996-ம் ஆண்டு விதியைத் திருத்திய புதிய விதி 2020 ஜூலை 30 முதல் நடப்பில் இருக்கிறது. போன நாட்டில் அதே வேலைக்கு என்ன ஊதியமோ அது நமக்கும் பொருந்தும். போக்குவரத்து, உணவு, தங்குமிடச் செலவுக்காகக் கொடுக்கும் பணத்தை அந்த ஊதியத்தின் பகுதியாகக் காட்டக் கூடாது. இது எனக்குச் சட்டப் பிரிவாக மட்டும் தெரியவில்லை. தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் கொடுத்ததை ‘நல்ல சம்பளம்’ என்று சொல்லி, இரவில் தூங்கும் அறையின் வாடகையை எங்கள் கூலியிலிருந்தே கழிப்பதைப் போன்ற கணக்கை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கைத் தடுக்கத்தான் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதி எட்டாத நாடுகளுக்கு அனுப்பும்போதும் அதே நியாயத்தைக் கடைப்பிடியுங்கள் என்று கேட்கிறேன்.

பிறகு நேரம். சனிக்கிழமை இரவு விமானம், ஞாயிறு முழுக்க மாறி மாறிப் பயணம், திங்கள் காலை 6 மணிக்கு வேலை. இதில் சனி, ஞாயிறு யாருடையது? ஐஸ்லாந்தில் அரசுப் பணியிலிருந்த ஒரு விமானத் தொழில்நுட்ப ஊழியர் இதே கேள்வியோடு நீதிமன்றம் போனார். வேலை நிமித்தம் அவர் இஸ்ரேலுக்கும் சவூதி அரேபியாவுக்கும் போயிருந்தார். வழக்கமான நேரத்துக்கு வெளியே பயணத்தில் கழிந்த பொழுது வேலை நேரமா என்பதுதான் வழக்கு. வழக்கமான பணியிடத்துக்கு வெளியே முதலாளி சொன்ன இடத்துக்குப் போகத் தேவைப்பட்ட பயண நேரம் வேலை நேரமே என்று 2021 ஜூலையில் எஃப்டா நீதிமன்றம் (ஐஸ்லாந்து, நார்வே, லிக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளுக்கானது) கருத்துச் சொன்னது. அது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் விதிகளைப் பற்றியது, எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த மனிதர் கேட்டது உலகத்தில் பயணம் போகும் ஒவ்வொரு ஊழியரும் கேட்க நினைத்து அடக்கிக்கொண்ட கேள்வி.

சம்பளம் இருக்கட்டும், தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு இரவு உட்கார்ந்தபடியே தூங்கியவரின் கையில், கத்தி சுழலும் இயந்திரத்தைக் கொடுக்கிறீர்கள். உள்ளூர் ஆலையில் அப்படி ஒருவரை இரண்டாவது ஷிப்டுக்கு நிறுத்த உங்கள் பாதுகாப்பு அலுவலர் ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். இறங்கிய நாளும் அதற்கு அடுத்த அரை நாளும் ஓய்வு என்று எழுதி வையுங்கள். எங்களில் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கேட்க மாட்டார்கள்.

காப்பீட்டில் ஒளிந்திருக்கும் ஒரு வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கப்படும் பல பாலிசிகளில் உடலுழைப்பு வேலை விலக்கப்பட்டிருக்கும். என் சக ஊழியர் ஒருவர் வெளிநாட்டு ஆலையில் ஏணியிலிருந்து சரிந்து மணிக்கட்டு முறிந்துபோனார். மருத்துவமனையில் கட்டுப்போட்ட கையோடு காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தார். “விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டார்கள். சென்சாரை மாற்றிக்கொண்டிருந்தேன் என்று உள்ளதைச் சொன்னார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தன் கடன் அட்டையில் கட்டிய பணம் அலுவலகத்திலிருந்து திரும்பக் கிடைக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாத வட்டியையும் அவரே கட்டினார். பாலிசி வாங்கியவர் அவருடைய வேலை என்னவென்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். பார்த்தீர்களா, மறுபடியும் அதே கேள்விதான்: அங்கே அவருடைய கைகள் என்ன செய்யப்போகின்றன?

பயணத்தில் வரும் ஆபத்துகளை நிறுவனங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் 31030 என்ற வழிகாட்டி 2021-ல் வெளிவந்தது. கட்டாயச் சட்டமில்லை. ஆனால் பயணம் போகிறவரின் பாதுகாப்பை நிறுவனத்தின் பொறுப்பாக அது வைக்கிறது. அதைப் படிக்கும்போது ஊழியர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெண் ஊழியர் நள்ளிரவில் இறங்கும்படி டிக்கெட் போடுவது, மருத்துவர் எழுதித் தந்த மருந்தே சில நாடுகளில் தடைப் பட்டியலில் இருக்கும் என்று எச்சரிக்காமல் அனுப்புவது, இவையெல்லாம் சிறிய கவனக்குறைவு போலத் தெரியும். ஜப்பானுக்குள் ஆம்பெட்டமைன் கலந்த மருந்தைக் கொண்டுபோகவே முடியாது, கையில் மருந்துச் சீட்டு இருந்தாலும். அங்கே அது குற்றம். தன் உடல்நலத்தை வெளியே சொல்லத் தயங்கும் ஊழியரைத் துருவிக் கேட்க வேண்டாம். மருந்து விதிகள் எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாளில் அனுப்பிவிடுங்கள். அவரே பார்த்துக்கொள்வார்.

போக மறுக்கும் உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளரைத் தண்டிக்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ம் ஆண்டு உடன்படிக்கை, 155-வது எண் கொண்டது, சொல்கிறது. 2022-ல் அதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவே அறிவித்தார்கள். போன இடத்தில் நிலைமை கெட்டு ஒருவர் “நான் திரும்பி வருகிறேன்” என்று அழைத்தால், “இரண்டு நாள் பொறுத்து வேலையை முடித்துவிட்டு வா” என்று சொல்லும் முன் அதை நினைத்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்களும் கூடாது, அங்கிருக்கும் உங்கள் கூட்டாளியும் கூடாது, பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்திலும் கூடாது. அடையாள ஆவணங்களை எடுத்துவைத்துக்கொள்வதைக் கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் ஒன்றாகத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

சிறிய நிறுவனங்கள் எழுதக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். எங்களிடம் சட்டப் பிரிவு இல்லை, வரி ஆலோசகர் இல்லை, ஆண்டுக்கு நாலு பயணம்தான் என்பீர்கள். நானும் அப்படிப்பட்ட நிறுவனத்தில்தான் 6 ஆண்டு இருந்தேன். அங்கே கணக்குப் பிரிவில் ஒரு பெண்மணி இருந்தார். சட்டம் படித்தவர் இல்லை. நாட்டுக்கு ஒரு கோப்பு போட்டு, அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தை அச்செடுத்து, தேதி எழுதி வைத்திருப்பார். கிளம்பும் முன் எங்களை எதிரில் உட்காரவைத்து, என்ன கேட்பார்கள், என்ன பதில் என்று கடிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டுவார். கடிதத்தில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிக்கெட்டைக் கொடுப்பார். அந்த 6 ஆண்டில் எங்களில் ஒருவர்கூட எந்த எல்லையிலும் நிறுத்தப்படவில்லை.

கடைசியாகத் தொலைபேசி. வெளிநாட்டில் பிடித்துவைக்கப்பட்டவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம், அந்த உரிமை உண்டென்று அவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்று 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு சொல்கிறது. அந்த 5 மணி நேரத்தில் எனக்கு அது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. தூதரகத்தின் எண், உள்ளூரில் உதவக்கூடிய ஒரு வழக்கறிஞரின் எண், அலுவலகத்தில் ஒருவரின் எண், இந்த மூன்றையும் கைப்பேசியில் மட்டும் பதிந்து அனுப்பாதீர்கள், கைப்பேசியைத்தான் முதலில் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு தாளில் அச்சிட்டு அழைப்புக் கடிதத்தோடு சேர்த்துக் குத்திக் கொடுங்கள். அலுவலக எண்ணுக்குரியவர் எங்கள் நேரத்தில் விழித்திருக்கட்டும். நாங்கள் எதற்காகப் போயிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும். அதிகாரி கேட்டால் அவர் சொல்லும் பதிலும், கவுண்டரில் நிற்கும் நான் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அடுத்த மாதம் மறுபடியும் விமானம் ஏறவிருக்கும் ஒரு பொறியாளர்